வாகனம் வாங்குவோரின் முறைப்பாடுகளும் மலையகத்தின் மௌனமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து நாட்டின் வாகனச் சந்தை மறுபடியும் சூடுபிடித்தது. இடைப்பட்ட ஐந்து வருட காலத்தில் புதிய வாகனங்கள் வராமையினால் பழைய வாகனங்களின் விலை எவரும் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னரும், வரிச்சுமையின் காரணமாகப் புதிய வாகனம் சாதாரண மக்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்து வருகின்றது. எனவே, வசதி குறைந்தவர்கள் பலமுறை கைமாறிய வாகனங்களையே நாடுகின்றனர். ஏமாற்றுக்கும் இழப்புக்கும் அதிக இடமளிப்பதும் இந்தச் சந்தையே.

வாகன விற்பனை தொடர்பான முறைப்பாடுகள் பற்றிப் பேசும்போது, கொழும்பு நகரின் கண்ணாடி மாளிகை விற்பனை நிலையங்களே பலரின் நினைவுக்கு வரும். 2025இல் சீனத் தயாரிப்பான பிவைடி மின்சாரக் கார்கள் சுங்கத் திணைக்களத்தினால் தடுத்து வைக்கப்பட்ட விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. மோட்டாரின் வலு 100 கிலோவாற்றா அன்றி 150 கிலோவாற்றா என்ற வரிப் பிணக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் வங்கி உத்தரவாதத்தின் பேரில் வாகனங்கள் விடுவிக்கப்பட்டன. இறக்குமதியாளருக்கும் அரசுக்கும் இடையிலான அந்தப் பிணக்கில் தமது வாகனத்துக்காகக் காத்திருந்தவர்கள் வாடிக்கையாளர்களே. ஆயினும் அவர்களது குரல் ஊடகங்களில் ஒலித்தது. அவர்களுக்காகப் பேசுவதற்குச் சட்டத்தரணிகளும் இருந்தனர். நாம் இங்கு கவனத்திற் கொள்ள விரும்புவது, குரலே எழாத இன்னொரு சாராரைப் பற்றியாகும்.

நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலைப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். றம்பொடை, பூண்டுலோயா, தவலந்தென்ன ஆகிய சிறு நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் கொண்ட இப்பிரதேசத்தில் முச்சக்கரவண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. பிரதான வீதியிலிருந்து பல மைல் தூரத்திலுள்ள தோட்டப் பிரிவொன்றில் பிரசவ வேதனையால் துடிக்கும் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்குச் சேர்ப்பதும் அதுவே. கொழும்புக் கடைகளில் வேலை செய்து களைத்துத் திரும்பிய இளைஞனுக்குச் சொந்த ஊரிலேயே கௌரவமாகப் பிழைப்பதற்குக் கிடைக்கும் மிகச் சில வழிகளுள் ஒன்றும் அதுவே. நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள முச்சக்கரவண்டிகளின் தொகை 11 இலட்சத்தைத் தாண்டியுள்ளது. இத்தொகைக்குப் பின்னால் இவ்வாறான குடும்பங்கள் எத்தனையோ உள்ளன.

அந்த வண்டியை வாங்குவதற்கான முற்பணம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். முப்பது, நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தாயின் ஊழியர் சேமலாப நிதி, மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த சகோதரி அனுப்பிய பணம், அடகுக் கடைக்குச் சென்ற தாலிக்கொடி என்பனவே பெரும்பாலும் முற்பணமாக மாறுகின்றன. வாகனம் பழுதானதாக இருப்பின் இழக்கப்படுவது ஒரு வண்டி மாத்திரமல்ல. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே அத்துடன் கரைந்து போகின்றது.

இப்பகுதிகளில் அடிக்கடி கேட்கக்கூடிய குறைகள் பெரும்பாலும் ஒரே விதமானவை. ஓடிய தூரத்தைக் காட்டும் மானி பின்னோக்கித் திருப்பப்பட்டிருத்தல், விபத்தில் சிக்கிய வண்டி பூச்சுப் பூசிப் புதியது போன்று காட்டப்படுதல், "என்ஜினுக்கு நாங்கள் பொறுப்பு" என்ற வாய்மொழி வாக்குறுதி சில வாரங்களிலேயே காற்றில் பறத்தல், வாங்கிய வண்டிக்கு ஏற்கனவே இன்னொருவர் பெயரில் குத்தகைக் கடன் இருப்பது பின்னர் தெரியவருதல் என்று அவற்றை வகைப்படுத்தலாம். எல்லா விற்பனையாளர்களும் இவ்வாறானவர்கள் என்று நாம் கூறவில்லை. நாணயமாகத் தொழில் புரிவோர் எல்லா நகரங்களிலும் உள்ளனர். நேர்மையற்ற சிலரால் அவர்களது நற்பெயருக்கும் களங்கம் ஏற்படுகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இத்தகைய சந்தர்ப்பங்களில் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் கைகொடுக்கவில்லையா என்ற கேள்வி எழுவது இயல்பானதே. சட்டம் இருக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம், ஏமாற்றும் வகையிலான வர்த்தக நடத்தையையும் பொய்யான உரிமைகோரல்களையும் தடை செய்கின்றது. உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் விற்கப்பட்டிருப்பின், அதிகாரசபை விசாரணை நடத்தி நட்டஈடு வழங்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறோ விற்பனையாளருக்குக் கட்டளையிட முடியும். வாங்குபவர் கேட்கும்போது பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது வர்த்தகரின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகின்றது. இதற்கும் அப்பால், 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு.

ஆனால், அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை உள்ளது. பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாத காலத்துக்குள் முறைப்பாடு எழுத்து மூலம் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்பதே அது. அரிசியிலோ பால்மாவிலோ உள்ள குறை மூன்று நாட்களில் தெரிந்துவிடும். வாகனத்தின் நிலை அவ்வாறானதன்று. திருப்பப்பட்ட மானியும் பூச்சுக்கு அடியில் மறைக்கப்பட்ட துருவும் மூன்று மாதங்களுக்குள் தம்மை வெளிக்காட்ட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. குறை தெரியவந்த பின்னரும் விற்பனையாளர் "அடுத்த வாரம் வாருங்கள், சரிசெய்து தருகின்றோம்" என்று கூறுவார். வாங்கியவரும் அதனை நம்பிச் சென்று வருவார். கராஜுக்கும் விற்பனை நிலையத்துக்கும் இடையே அலைவதிலேயே மூன்று மாதம் கழிந்துவிடும். அதன் பின்னர் அவர் அதிகாரசபையின் கதவைத் தட்டும்போது காலம் கடந்துவிட்டது என்ற பதிலே எஞ்சும்.

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாமே என்று எவரும் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டணம், தவணைக்குத் தவணை இழக்கப்படும் நாட்சம்பளம், வருடக் கணக்கில் இழுபடும் விசாரணை ஆகியவற்றைத் தாங்கிக்கொள்ளும் வல்லமை எத்தனை தோட்டக் குடும்பங்களுக்கு உண்டு? அவர்களைப் பொறுத்தவரையில் நுகர்வோர் விவகார அதிகாரசபையே நடைமுறையில் எட்டக்கூடிய நியாயத்தலமாகும். அதன் கதவும் மூன்று மாதத்தில் மூடப்படுமாயின், சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை அவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

இரண்டாவது பிரச்சினை மொழியாகும். கொள்வனவின்போது வாங்குபவரின் முன் வைக்கப்படும் விற்பனைப் பத்திரம், குத்தகை உடன்படிக்கை, காப்புறுதிப் படிவம் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தவறினால் சிங்களத்தில் உள்ளன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒருவர், அல்லது தமது பெயரை மாத்திரம் எழுதத் தெரிந்த முதியவர், விரல் காட்டப்பட்ட இடங்களிலெல்லாம் ஒப்பமிடுகின்றார். உத்தரவாதம் இல்லை என்பதும், உள்ள நிலையிலேயே வாகனத்தைப் பொறுப்பேற்றேன் என்பதும் அந்தத் தாள்களில் எங்கோ ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கலாம். பிணக்கு ஏற்படும்போது அந்த ஒப்பமே அவருக்கு எதிரான சாட்சியாகின்றது.

இந்நாட்டில் தமிழும் அரசகரும மொழியாகும். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. மத்திய வங்கி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும், வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் ஆவணங்களையும் விளக்கங்களையும் வழங்கும் பொறுப்பை நிதி நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளன. ஆயினும் அந்த ஒழுங்குவிதிகள் மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். வீதியோரத்தில் பத்து வண்டிகளை நிறுத்தி வைத்து விற்பவரை அவை கட்டுப்படுத்தமாட்டா. கடன் பத்திரத்தைத் தமிழில் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதைத் தோட்டப்புறத்தில் அறிந்தவர்களும் சிலரே.

மூன்றாவதாக, கடனும் விற்பனையும் ஒரே மேசையில் நடைபெறுவதனால் விளையும் மயக்கத்தைக் குறிப்பிட வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 இலட்சம் ரூபா கடன், நான்கு வருடம், "வருடத்துக்கு 15 சதவீதம் மாத்திரமே வட்டி" என்று விற்பனையாளர் கூறுகின்றார் எனக் கொள்வோம். அந்த 15 சதவீதம் குறைந்து செல்லும் மீதிக்கன்றி, முழுத்தொகைக்கும் நான்கு வருடமும் கணக்கிடப்படுமாயின், வட்டி 6 இலட்சமாகும். மொத்தம் 16 இலட்சத்தை 48 மாதங்களாகப் பிரித்தால் மாதத் தவணை ஏறக்குறைய 33,333 ரூபா. உண்மையில் வாங்குபவர் செலுத்துவது 15 சதவீதமன்று. குறைந்து செல்லும் மீதியின் மீது கணக்கிட்டால் அது 25 சதவீதத்தைத் தாண்டும்.

இத்தொகையைத் தோட்டத் தொழிலாளியின் வருமானத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாகும். 25 நாட்கள் தவறாது உழைத்தாலும் 33,750 ரூபாவே கிடைக்கும். அதாவது ஒரு தொழிலாளியின் முழு மாத உழைப்பும் ஒரு தவணைக்குச் சமமாகும். 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவு உட்பட நாட்சம்பளத்தை 1750 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது. அந்தக் கணக்கின்படி பார்த்தாலும் அதே தவணைக்கு மாதச் சம்பளத்தின் முக்கால் பங்கு தேவைப்படும். எனவே வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். வண்டி பழுதடைந்து கராஜில் நின்றாலும் தவணை நிற்காது. இரண்டு, மூன்று தவணை தவறினால் வண்டியைக் கைப்பற்றுவதற்கு ஆட்கள் வருவர். பழுதான வண்டியை விற்றவர் ஒருவர், அதற்காகத் தண்டிக்கப்படுபவர் இன்னொருவர் என்ற நிலை இவ்வாறே உருவாகின்றது.

முச்சக்கரவண்டிகளுக்கு வழங்கக்கூடிய கடனை அவற்றின் பெறுமதியில் 25 சதவீதமாக மத்திய வங்கி 2017இல் மட்டுப்படுத்தியதும் நினைவிருக்கலாம். கடன் பளுவைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் முறையான நிறுவனத்தில் கடன் மறுக்கப்பட்டவர் எங்கு செல்வார்? கூடிய வட்டிக்குக் கைமாற்றுக் கொடுப்பவரிடமும், எந்தப் பத்திரமும் இன்றித் தவணைக்கு வண்டி தருபவரிடமும் அவர் செல்ல நேரிடும். கடன் கட்டுப்பாடு மாத்திரம் நுகர்வோர் பாதுகாப்பாகிவிடாது என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.

நான்காவது, "ஓப்பன் பேப்பர்" எனப்படும் வழக்கமாகும். வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடாகும். எனினும் பதிவு உரிமையாளர் ஒப்பமிட்ட வெற்றுப் படிவங்களுடன் வாகனம் மூன்று, நான்கு கைகள் மாறுவது நம் நாட்டில் சர்வசாதாரணம். மாற்றுக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவர்களும் இதற்கு உடந்தையாகின்றனர். பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளராக ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்குமாயின், முதல் நபர் கட்டத் தவறிய கடனுக்காக நான்காவது நபரின் வண்டி பறிமுதலாகலாம். அப்போது முறைப்பாடு செய்வதற்குக்கூட அவரிடம் தமது பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இராது.

இவற்றையெல்லாம் வெறும் பணப் பிரச்சினையாக மாத்திரம் நோக்கலாகாது. நுவரெலியாவையும் கம்பளையையும் இணைக்கும் வீதி எத்தகையது என்பதைப் பயணித்தவர்கள் அறிவர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டிஎல்லப் பகுதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கோரம் இன்னும் எம் மனங்களை விட்டு அகலவில்லை. அவ்விபத்தை வாகன விற்பனையுடன் முடிச்சுப் போடுவது எமது நோக்கமன்று. ஆனால், இத்தகைய சரிவுகளிலும் வளைவுகளிலும் தேய்ந்த தடுப்பானுக்கும் வளைந்த அச்சுக்கும் மன்னிப்புக் கிடையாது என்பதை அது நினைவூட்டுகின்றது. சமதரையில் செலவாக முடியும் குறை, மலைப்பாதையில் உயிரிழப்பாக முடியலாம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியும் இவ்விடத்தில் கவனத்திற்குரியது. மத்திய மலைநாட்டை மண்சரிவுகளாலும் தாழ்நிலங்களை வெள்ளத்தாலும் அந்த அனர்த்தம் சிதைத்தது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு, அந்த விபரம் மறைக்கப்பட்டு விற்பனைக்கு வருவது எந்த நாட்டிலும் பேரனர்த்தங்களின் பின்னர் எதிர்பார்க்கப்படும் ஒன்றே. நீர் புகுந்த மின்கம்பிகளும் தடுப்பான் பாகங்களும் பல மாதங்களின் பின்னரே செயலிழக்கக் கூடும். மூன்று மாத எல்லை எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஏனைய நாடுகளின் நிலை என்ன? அயல்நாடான இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறைப்பாட்டுக்கு இரண்டு வருட அவகாசம் அளிக்கின்றது. பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறைப்பாடு செய்யலாம். விற்பனை நிலையம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, குறைபாடுள்ள வாகனத்தை வர்த்தகரிடமிருந்து வாங்கியவர் 30 நாட்களுக்குள் அதனை நிராகரித்துப் பணத்தைக் கோரலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பாகும். இது பழைய வாகனங்களுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே பழுதான புதிய கார்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது. ஏனைய மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. வாகனம் ஏனைய பொருட்களைப் போன்றதன்று என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு பல தசாப்தங்கள் கடந்துவிட்டன.

எனவே, சம்பந்தப்பட்டோரின் கவனத்துக்குச் சில விடயங்களை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, வாகனங்களைப் பொறுத்தவரையில் மூன்று மாதக் காலவரையறை திருத்தப்பட வேண்டும். அது விற்பனை நாளிலிருந்தன்றி, குறை தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதே நியாயமாகும். இரண்டாவதாக, வாகனத்தின் ஓடிய தூரம், விபத்து மற்றும் வெள்ளப் பாதிப்பு, நிலுவைக் கடன், உத்தரவாதத்தின் எல்லை ஆகியவற்றைக் குறிப்பிடும் ஒரு பக்கப் பத்திரத்தை, வாங்குபவரின் மொழியில் வழங்குவது வாகன வர்த்தகர்கள் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, நுவரெலியா மாவட்டச் செயலகம் வரை செல்ல இயலாத மக்களுக்காகக் கொத்மலை போன்ற பிரதேச செயலகங்களில் மாதத்தில் ஒரு நாளாவது தமிழில் முறைப்பாடு ஏற்கும் ஒழுங்கு செய்யப்பட வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. மனமிருந்தால் போதுமானது.

மலையகத்தின் தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. சம்பள உயர்வுக்காகக் குரல் கொடுக்கும் சங்கங்கள், உயர்த்தப்பட்ட சம்பளம் எங்கு சென்று சேருகின்றது என்பதையும் நோக்க வேண்டும். தோட்டக் காரியாலயத்தில் எழுதும் கடிதத்தைப் போன்றே நுகர்வோர் முறைப்பாட்டையும் எழுதிக்கொடுக்கும் ஓர் உத்தியோகத்தர் சங்கக் காரியாலயங்களில் இருப்பாராயின், பல குடும்பங்கள் காலம் கடக்குமுன் நியாயம் பெற வழி பிறக்கும்.

சட்டம் திருந்தும் வரை வாங்குவோர் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. வாகன இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையவழிச் சேவையில் பதிவு விபரங்களைப் பார்க்கலாம். இணையத்தில் தேடுவதற்கு வீட்டிலுள்ள பிள்ளைகளின் உதவியைப் பெறலாம். முற்பணம் கொடுக்குமுன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று வண்டியை ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாய்மொழி உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கேட்க வேண்டும். எழுத மறுப்பவரின் உத்தரவாதம் உத்தரவாதமன்று. வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்பதுடன் நின்றுவிடாமல், கடைசித் தவணை வரை மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்க வேண்டும். வெற்றுப் படிவத்துடன் வண்டியைப் பொறுப்பேற்கவே கூடாது. குறை கண்டால், விற்பனையாளரின் தவணைப் பேச்சுக்குக் காத்திராமல் எழுத்து மூலம் அறிவித்து, நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டு, மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். நிதி நிறுவனம் தொடர்பான குறையாயின் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தை நாடலாம்.

மலையகத்திலிருந்து முறைப்பாடுகள் எழாமையைக் குறைகள் இல்லாமையாக எவரும் பொருள்கொள்ளலாகாது. வாசிக்க முடியாத பத்திரத்தில் ஒப்பமிட்டு, அறியாத காலக்கெடு கடந்து, எட்டாத தூரத்திலுள்ள காரியாலயத்தை எண்ணி மனம் சோர்ந்தவர்களின் மௌனம் அது. கொழுந்துக் கூடை சுமந்த தாயின் சேமிப்பு, ஓடாத வண்டியாக லயத்து வாசலில் நிற்கும் நிலை தொடருமாயின், அதற்கான பொறுப்பை விற்றவர் மீது மாத்திரம் சுமத்திவிட்டுச் சட்டம் இயற்றுவோர் விலகிக்கொள்ள முடியாது. உரியவர்கள் காலம் தாழ்த்தாது கவனம் செலுத்துவார்கள் என எதிர்பார்க்கின்றோம்.